ஆள் பார்க்கும் ஏசி

"மின்சாரத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது மேடம்," என்றேன், பானெட்டுக்குள் தலையை விட்டபடி. "கம்பி நல்லா இருந்தா யார் உட்கார்ந்தாலும் ஓடும். அறுந்து போச்சுன்னா யார் உட்கார்ந்தாலும் ஓடாது. மாமனாருக்கு ஒரு முகம், மாப்பிள்ளைக்கு ஒரு முகம் காட்டறதெல்லாம் மனுஷங்க வேலை."

"அப்ப மனுஷங்களை நான் பார்த்துக்கறேன். நீ கம்பியைப் பாரு, ப்ளக்கு."

என் பெயர் ப்ளக்கு இல்லை. கார் ஏசி ரிப்பேர் பட்டறை ஒன்று வைத்திருந்தேன். என் வாய் ஓடிய அளவுக்குப் பட்டறை ஓடாததால் இழுத்து மூடிவிட்டு மேடத்திடம் வந்து சேர்ந்தேன். வந்த அன்றே இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். மேடம் குடும்ப நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்று, சின்னதாக ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். புருஷன் சொல்லும் பொய்யையும் பெண்டாட்டி சொல்லும் பொய்யையும் காலமெல்லாம் எழுதி எழுதி, எதிரே இருப்பவர் தொண்டையைக் கனைக்கும்போதே அடுத்து வருவது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவார். கார்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கதவைத் திறப்பதும் மூடுவதும்தான். மூடுவதும் கொஞ்சம் ஓங்கித்தான் மூடுவார்.

நேற்று எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு காரியம் கேட்டாள்.

"எங்கப்பாவுக்குப் புத்தி தடுமாறலைன்னு நிரூபிச்சுக் குடுங்க."

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு இருக்கிறார். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருக்கிறார். கைப்பிடியைச் சுற்றித்தான் கண்ணாடியை ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவு பழசு. அந்தக் காரின் ஏசி சில நாள் சூடான காற்றை ஊதுகிறது என்று கொஞ்ச காலமாகச் சொல்லி வருகிறார். மாப்பிள்ளை எடுத்துப் பார்த்தால் ஜில்லென்று வருகிறது. மாலையில் மகள் எடுத்தாலும் ஜில்லென்று வருகிறது. மாப்பிள்ளையே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒன்றுமே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவர் மறுபடியும் அதையே சொல்ல, வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக் காலை ஞாபக மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போக மாப்பிள்ளை நேரம் வாங்கி வைத்திருக்கிறார். அந்த டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியவரிடமிருந்து கார் சாவியை வாங்கிவிடுவார்கள்.

"பேத்தியை பிளே ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது ஒண்ணுதான் அவருக்கு இருக்கற வேலை," என்றாள் அவள். "அதையும் பிடுங்கிட்டா அவர் உட்கார்ந்துடுவாரு மேடம். எழுந்திருக்கவே மாட்டாரு."

இன்று அவள் அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள். நானும் மேடமும் அவர்கள் வீட்டு மதில் ஓரம், நல்ல வெயிலில், அந்தக் காருக்கு முன்னால் நின்றிருந்தோம்.

பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம்.

"இந்த வண்டியும் நானும் ஒண்ணா வேலை பார்த்தவங்க தம்பி. எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க. இதுக்கு மாலை போட ஆளில்லாம இன்னும் ஓடிட்டிருக்கு."

நான் சிரித்தேன். உண்மையிலேயே சிரிப்பு வந்தது. எந்த வருஷம் வாங்கினார், எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார், எல்லாம் தலைகீழாகச் சொன்னார். இந்த மனுஷனுக்கா புத்தி தடுமாற்றம் என்று எனக்கு மாப்பிள்ளை மேல் கோபம் வந்தது.

"ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்கம்மா," என்று மகளிடம் சொன்னேன்.

இன்ஜின் உறுமியது. அவள் ஏசி பித்தானை அழுத்திவிட்டுக் காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தாள்.

"காத்து வருதா?"

"வருது." அவள் குரல் மாறிவிட்டது. "சூடா வருதுங்க. நிஜமாவே சூடா வருது."

"நான் சொன்னேன்ல," என்றார் பெரியவர். சத்தமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் தனியாக நின்று பேசியவரின் குரல் அது.

எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. காற்று வருகிறது என்றால் விசிறி ஓடுகிறது. சூடாக வருகிறது என்றால் குளிர வைக்கும் கம்ப்ரசர் ஓடவில்லை. ஏசியைப் போட்டதும் கம்ப்ரசர் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. டெஸ்ட் லேம்ப்பை எடுத்து கம்ப்ரசருக்குப் போகும் ஒயரில் வைத்தேன். எரியவில்லை. ஒயரைப் பிடித்து ஆட்டினேன், ரிலேயைத் தட்டினேன், எர்த் போல்ட்டை முறுக்கினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஃப்யூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

"மேடம், இங்க வாங்க."

அவர் குடையோடு குனிந்தார். ஃப்யூஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரே ஓர் இடம் காலி.

"எரிஞ்சு போச்சா?"

"ஃப்யூஸ் எரியும், கறுக்கும், கால் உடையும். ஆனா காலாற நடந்து எங்கயும் போகாது. யாரோ கழட்டியிருக்காங்க."

"இன்னைக்கா?"

"இன்னைக்கு மட்டும் இல்ல. பக்கத்துல இருக்கறதைப் பாருங்க. புழுதி அப்பிக் கிடக்கு, வருஷக்கணக்கா யாரும் தொடல. இந்த ஒரு இடத்துல மட்டும் பித்தளை பளபளன்னு மின்னுது. போட்டுப் போட்டு எடுத்திருக்காங்க. அப்புறம் இந்தக் கீறல். ரெண்டு ரெண்டா, ஊசியில இழுத்த மாதிரி. மெக்கானிக் எடுத்தா குறடு போட்டுத்தான் எடுப்பான். நாய் கடிச்ச மாதிரி இருக்கும். இது யாரோ பொறுமையான ஆளு, மெல்லிசான சாமணத்தால, ட்வீசரால எடுத்திருக்காரு."

மேடம் நிமிர்ந்தார். மகள் காரிலிருந்து இறங்கி எங்கள் பின்னால் நின்றிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் பண்றவர்," என்றாள்.

என் பையில் எல்லா அளவிலும் ஃப்யூஸ் உண்டு. பொருத்தமான ஒன்றை எடுத்து மாட்டினேன். 'டக்.' சிறிது நேரத்தில் காருக்குள் குளிர் நிறைந்தது. பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முகத்தைக் காற்றுக்கு நேராக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகள் ஜன்னல் வழியாக அவர் தோளைத் தொட்டாள்.

"நீங்க சொன்னதுதாம்பா சரி. நான்தான் நம்பல."

"விடும்மா. இன்னைக்கு என் பேத்தி ஜில்லுனு வருவா." என்னைப் பார்த்தார். "தம்பி, எல்லாக் கண்ணாடியையும் நல்லா ஏத்தி விட்டுடுங்க. கிரேன்ல லீவர் இழுத்து இழுத்து இந்தத் தோள்பட்டை போயிடுச்சு. ஒரு தடவை இறக்கினா மறுபடி சுத்தி ஏத்த முடியறதில்ல."

நான் ஒவ்வொரு கதவாகப் போய்க் கைப்பிடியைச் சுற்றி, நாலு கண்ணாடியையும் இறுக்கமாக ஏற்றினேன். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த வண்டியும் நானும் ஒண்ணா வேலை பார்த்தவங்க தம்பி," என்றார். "எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க. இதுக்கு மாலை போட ஆளில்லாம இன்னும் ஓடிட்டிருக்கு."

மரியாதைக்காக மறுபடியும் சிரித்துவைத்தேன். வயதானவர்கள் ஒரு நல்ல ஜோக் கிடைத்தால் இரண்டு தடவை சொல்வது வழக்கம்தான். மேடம் சிரிக்கவில்லை.

"ஐயா, எந்தெந்த நாள்ல சூடா வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"அடிக்கடி வரும்மா," என்றார் பெரியவர். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. மகள்தான் யோசித்துச் சொன்னாள்.

"பாப்பாவைக் கூப்பிடப் போற நாள்லதான் மேடம். முன்னெல்லாம் அப்பாதான் தினமும் போவாரு. இப்ப எங்க வீட்டுக்காரரே கடையைச் சாத்திட்டு ஓடி வந்து கூட்டிட்டு வர்றாரு. கடையில வேலை குவிஞ்சு வர முடியாத அன்னைக்கு மட்டும் அப்பா போவாரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு அப்பாதான்."

மேடம் எதையோ கேட்க வாயெடுத்தார். மகளுக்குப் பொறுமை இல்லை. புருஷனை இப்போதே பார்க்க வேண்டும், நாங்களும் கூட வர வேண்டும் என்று எங்கள் வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

*

"எங்கப்பாவைப் பைத்தியம்னு சொல்ல வைக்கப் பார்த்திருக்காரு," என்றாள் பின் இருக்கையிலிருந்து. "காலையில கழட்ட வேண்டியது, சாயங்காலம் மாட்ட வேண்டியது. நான் எடுத்தா நல்லா இருக்கும். மெக்கானிக் பார்த்தாலும் நல்லா இருக்கும். அப்பா ஒருத்தர் மட்டும் புலம்பணும். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்து அவர் சொல்லும்போது, ஒரு வார்த்தை பேசாம குனிஞ்சு சாப்பிட்டுட்டு இருப்பாரு இந்த மனுஷன்."

"எதுக்காக அப்படிச் செய்யணும்?" என்று கேட்டார் மேடம்.

"அதுதான் தெரியல. அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க."

"மாமனார் கூடவே இருந்தா மாப்பிள்ளைக்குக் கால் நீட்ட இடம் இருக்காது," என்றேன். "என் மாமனார் ஒரு வாரம் தங்கினப்ப நான் பட்டறையிலதான் தூங்கினேன்."

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு மனுஷனைக் கிறுக்கனாக்கணும்னா வீட்டுக்குள்ளயே எவ்வளவோ செய்யலாம் ப்ளக்கு. மூக்குக்கண்ணாடியை ஒளிச்சு வைக்கலாம். செருப்பை மாத்தி வைக்கலாம். இவர் ஏன் போயும் போயும் ஏசியைப் பிடிச்சாரு? அதுவும் தன் பொண்ணு அந்த வண்டியில வர்ற நாளாப் பார்த்து? இந்த வெயில்ல எந்த அப்பன் பெத்த குழந்தையை வேக வைப்பான்?"

எனக்குப் பதில் தெரியாதபோது நான் ஹாரன் அடிப்பேன். அடித்தேன்.

*

வழியில் ஓர் ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, போய்ச் சேரவே அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. கடை, தெரு முனையில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே மூன்று சுவரிலும் கடிகாரங்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கையில் மெல்லிய சாமணத்தோடு குனிந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் லென்ஸைக் கழற்றினார். பின்னால் எங்களைப் பார்த்ததும் சாமணத்தையும் கீழே வைத்துவிட்டார்.

"அந்த ஃப்யூஸ் எங்கங்க?" என்றாள் அவள்.

அவர் மறுக்கவில்லை. எதிரே இருந்த சின்ன டப்பாவைத் திறந்தார். ஸ்ப்ரிங், முள், திருகாணிகளுக்கு நடுவே எங்கள் ஃப்யூஸ் கிடந்தது. அதை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரு கேஸ் இவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

"கழட்டினது நான்தான்," என்றார்.

"எங்கப்பா உங்களுக்கு என்ன செஞ்சாரு? மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு உசுரை விடுவாரே. அவரைப் போய்..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடி வாங்கத் தயாராக நிற்பவர் போல இருந்தார். திருட்டுத்தனம் பிடிபட்டவர் முகம் எனக்குத் தெரியும், அது உடனே கோபப்படும். இவர் முகத்தில் கோபம் இல்லை.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தார்.

"கண்ணாடிக்காகவா?" என்றார்.

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏசி ஓடலைன்னா உங்க மாமனார் கண்ணாடியை இறக்கிடுவாரு. இறக்கினா, தோள்வலியில மறுபடி ஏத்த மாட்டாரு. வண்டியை எங்க நிறுத்திட்டுப் போனாலும் கண்ணாடி திறந்தே இருக்கும். அதுக்குத்தானே?"

"ஆமா," என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையோடு கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது.

"அவங்ககிட்ட சொல்லுங்க. என்கிட்ட வேண்டாம்."

அவர் மனைவியைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "அதோ அந்த மருந்துக்கடை வாசல்ல ஒரு நாள் மாமா வண்டி நின்னுச்சு. மத்தியானம். நான் டீ குடிக்கப் போறப்ப சும்மா எட்டிப் பார்த்தேன். பாப்பா பின் சீட்ல இருந்தா. எல்லாக் கண்ணாடியும் ஏத்தியிருந்துச்சு. தலையெல்லாம் நனைஞ்சு, வாயைத் திறந்து அழறா, வெளிய சத்தமே வரல. கடைக்குள்ள ஓடினேன். மாமா யார்கிட்டயோ பழைய கதை பேசிட்டு நின்னாரு. பாப்பா எங்கன்னு கேட்டா, ஸ்கூல்லன்னு சொல்றாரு."

கடைக்குள் கடிகாரங்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன.

"பாப்பாவைத் தூக்கிக் கையில குடுத்ததும் ஆடிப்போயிட்டாரு. நடுத்தெருவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, அவ என்னை மனுஷனாவே பார்க்க மாட்டான்னாரு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"அப்புறம்?" என்றார் மேடம்.

"மறுநாள் காலையில, 'என்ன மாப்பிள்ளை, முகம் வாடியிருக்கு, ராத்திரி தூங்கலையா'ன்னு கேட்டாரு. கிண்டல் இல்ல மேடம். அவருக்கு நிஜமாவே ஞாபகம் இல்ல. பாப்பாவை விட்டதும் ஞாபகம் இல்ல, என்கிட்ட அழுததும் ஞாபகம் இல்ல."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். உங்கப்பா கூட்டிட்டு வர வேண்டாம், நானே போறேன்னு சொன்னா, அவர் மனசு புண்படும்னு நீ சண்டைக்கு வந்த. நாளைக்கு டாக்டரே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, நான் சத்தியத்தை மீறின மாதிரி இருக்காதுன்னு நினைச்சேன். அதுவரைக்கும் இது ஒண்ணுதான் எனக்குத் தோணுச்சு. வாட்ச்சுல ஒரு சக்கரத்தை எடுத்தா நின்னு போகும். அந்த மாதிரி."

"ஒரு குழந்தை உயிரைக் கொண்டுபோய் ஒரு ஃப்யூஸ்ல தொங்க விட்டிருக்கீங்க," என்றார் மேடம். அவர் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை. "அது சத்தியத்துக்காகவா? உங்க மாமனார் மேல இருந்த பயமா, பெண்டாட்டி மேல இருந்த பயமா?"

"ரெண்டும்தான்," என்றார் அவர். பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் முகத்தில் எதைப் பார்த்தாரோ, எழுந்து நின்றுவிட்டார். "இன்னைக்கும் கழட்டிட்டுத்தானே வந்தேன். அந்த இடம் காலியாத்தானே இருக்கு?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"புதுசு போட்டுட்டேன்."

"கண்ணாடி?"

"நானே ஏத்தி விட்டேன்," என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே என்னைப் பயமுறுத்தியவை அவைதான்.

அவள் அதற்குள் அப்பாவுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். மணி ஒலித்தது. எடுத்தார். உயரமான குரல் எங்களுக்கே கேட்டது.

"சொல்லும்மா. வீட்லதான் இருக்கேன்."

"பாப்பா எங்கப்பா?"

"பாப்பாவா? இனிமேதாம்மா போய்க் கூட்டிட்டு வரணும். இன்னும் நேரம் இருக்கே." வைத்துவிட்டார்.

அவள் ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். "இன்னும் போகல. நாமளே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

"ஸ்கூலுக்கு ஒரு ஃபோன் போடுங்க," என்றார் மேடம்.

"எதுக்கு, அவர்தான் இன்னும்..."

"போடுங்கம்மா."

அவள் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், சாவகாசமாகப் பேசியது. "தாத்தா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. அப்பவே போயாச்சுங்க."

அப்பாவுக்கு மறுபடி ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அவரை வழியில் ஏற்றிக்கொண்டேன்.

*

கடைக்கும் வீட்டுக்கும் நாலு தெருதான். அந்த நாலு தெருவில் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. எந்த ஜோக்கும் என் தலையில் இல்லை. நான் போட்ட ஃப்யூஸ், நான் சுற்றிய கைப்பிடி, இது இரண்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கார் மதில் ஓரம் அதே இடத்தில், அதே வெயிலில் நின்றிருந்தது. நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. மாப்பிள்ளை கதவைப் பிடித்து இழுத்தார். பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தவர் போட்ட சத்தத்தை நான் மறக்கப் போவதில்லை.

"தள்ளுங்க," என்று கத்திவிட்டு, குழந்தை சாய்ந்திருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடினேன். பெரிய ஸ்பேனரால் மூலையில் அடித்தேன். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே இருந்து வந்த காற்று முகத்தைச் சுட்டது. கையை விட்டுப் பூட்டை எடுத்தேன். மாப்பிள்ளை என்னைத் தாண்டி உள்ளே பாய்ந்து குழந்தையைத் தூக்கினார்.

முகம் சிவந்து, கண் பாதி மூடி, கழுத்து தொங்கியது. மேடம் வாசல் குழாயைத் திறந்து, தன் முந்தானையை நனைத்துக் குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். தலையில் தண்ணீரை மெதுவாக விட்டார். அம்மா குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். குழந்தை ஒரு தடவை விக்கியது. அப்புறம் வீல் என்று அழுதது.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உடைந்த கண்ணாடி மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார் மேடம். "எழுந்திரு ப்ளக்கு."

அப்போதுதான் பெரியவர் வெளியே வந்தார். சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். செருப்புகூடப் போடாமல் சுடுகிற தரையில் நடந்து வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். நனைந்து அழும் பேத்தியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது.

"எவன்டா குழந்தையை வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டினது?"

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. அத்தனையும் நிஜமான ஆத்திரம். மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் மகள் அப்பாவுக்கு எதிரே போய் நின்றுவிட்டாள்.

"நான்தாம்பா," என்றாள். "மறந்துட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். "மறந்துட்டியா? பெத்த பிள்ளையை மறப்பியா நீ? கொஞ்சம் லேட்டாயிருந்தா என்ன ஆயிருக்கும்? இனிமே நீ இந்த வண்டியைத் தொடக் கூடாது. மறக்கற ஆளுக்கு வண்டி எதுக்கு? சாவியைக் குடு இங்க."

சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. வளையம் வெளியே தெரிந்தது. அவள் கையை நீட்டி அதை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"சரிப்பா. இனிமே வண்டி வேண்டாம்."

"வேண்டவே வேண்டாம்," என்றார் அவர். திட்டி முடித்த களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. "போ, குழந்தையைத் தூக்கிட்டுப் போ, நிக்காத."

மேடம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கய்யா, உள்ள போய் உட்காருவோம். அவங்க போயிட்டு வரட்டும்."

நான் வண்டியை எடுத்தேன். பின் இருக்கையில் குழந்தை அம்மா மடியில் ஈரத்துணியோடு படுத்து, விட்டு விட்டு அழுதுகொண்டிருந்தாள். அழட்டும் என்று இருந்தது எனக்கு. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோது அவள் கேட்டாள்.

"நாளைக்கு டாக்டர் எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காரு?"

"பத்து மணிக்கு," என்றார் அவர். "மாமா எப்படி வருவாரு? போன தடவை பேச்சை எடுத்தப்பவே சத்தம் போட்டாரே."

"எனக்குத்தான் மறதி, எனக்குத்தான் டாக்டர்னு சொல்றேன்," என்றாள். "என்னைத் தனியா அனுப்ப மாட்டாரு. துணைக்கு வருவாரு."